கோணல் சுவிச்சும் நமது 'பரவாயில்லை'யும்

குடிபூரலுக்கு அழைக்கப்படும் புதுவீடுகளில் எல்லோரும் தரையில் பதித்த ரைல்ஸையும் தேக்கங் கதவையும் பார்த்து வியந்து நிற்க, என் கண் சுவரிலுள்ள சுவிச்சுகளில்தான் போய் நிற்கும். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நான் பார்த்த புதுவீடுகளுள் பெரும்பாலானவற்றில் ஒரே காட்சிதான். ஒரு சுவிச் இடப்பக்கம் சரிந்திருக்கும். இன்னொன்று சுவரை விட்டு அரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்றாவது உள்ளே அமிழ்ந்து, அதன் முகப்பைச் சுற்றி ஒரு குழந்தையின் விரல் நுழையும் இடைவெளியோடு இருக்கும். பிளக் பொயின்றைப் பாவிக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு கையால் அதன் முகப்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிளக்கை இழுப்பார். "அது அப்பிடித்தான், பிடிச்சுக்கொண்டு இழுக்கவேணும்" என்று விருந்தாளிக்கும் சொல்லிக்கொடுப்பார்.

வீட்டைக் கட்டிய மகன் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பான். கோடி ரூபாவைத் தாண்டிய வீடு. அந்த வீட்டில் எழுபது வயதுத் தாய் மின்சாரத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்.

இது அழகு சம்பந்தப்பட்ட விடயம், வசதியுள்ளவர்களின் நுணுக்கப் புலம்பல் என்று நினைப்போருடன்தான் எனது வழக்கு. சுவிச் கோணலாக இருப்பது கண்ணுக்குத் தெரியும் அறிகுறி மட்டுமே. நோய் முகப்புக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த நோய் என்னவென்று முதலில் பார்ப்போம். சுவருக்குள் புதைக்கப்படும் சிறு பெட்டியொன்றிலேயே சுவிச்சோ பிளக் பொயின்றோ பொருத்தப்படுகிறது. கடையில் 'சங்க் பொக்ஸ்' என்று கேட்டால் தருவார்கள். முகப்பை அந்தப் பெட்டியோடு பிணைத்து வைத்திருப்பவை இரண்டே இரண்டு சிறு திருகாணிகள். பெட்டி பூச்சுக்குப் பின்னால் ஆழமாக அமிழ்ந்துவிட்டால், முகப்போடு வரும் திருகாணி பெட்டியின் புரிக்கு எட்டாது; அல்லது நுனியில் இரண்டு சுற்று மட்டும் பிடிக்கும். பிறகு பிளக்கைச் செருகும்போது முகப்பு உள்ளே போகும். இழுக்கும்போது வெளியே வரும். அதனோடு சேர்ந்து பின்னாலிருக்கும் கம்பிகளும் அசையும். நாளுக்கு நாலு தடவை, வருடக்கணக்கில் அசையும் கம்பி தன்னைப் பிடித்திருக்கும் திருகை மெதுவாகத் தளர்த்திக்கொள்கிறது.

தளர்ந்த இணைப்பு சூடாகும். 230 வோல்ற்றில் 13 அம்பியர் என்றால் ஏறத்தாழ மூவாயிரம் வாற். கேத்திலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் அதில் பெரும் பங்கை எடுப்பவை. இத்தகைய பாரத்தை ஒரு தளர்ந்த திருகு சுமக்கும்போது முகப்பின் ஓரம் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு கருகும். "ட்றிப் சுவிச் இருக்கிறதே, விழுந்துவிடும்" என்று ஆறுதல்படுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ட்றிப் சுவிச் விழுவது மின்சாரம் நிலத்துக்கு ஒழுகும்போது. பிறேக்கர் விழுவது மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது. தளர்ந்த இணைப்பில் ஒழுக்கும் இல்லை, மிகையோட்டமும் இல்லை. எல்லாம் இயல்பாகவே ஓடும். சூடு மட்டும் ஏறும். நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டிய இரண்டு காவலாளிகளும் இந்தத் திருடனை அடையாளம் காணமாட்டார்கள்.

முகப்பைச் சுற்றியுள்ள இடைவெளி இன்னொரு வாசல். எறும்பு கூடு கட்டும், பல்லி முட்டையிடும், மாரி காலத்தில் சுவரின் ஈரம் சேரும். இவ்வளவும் மின்கம்பியின் முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் நடக்கிறது.

இந்தக் கோணல் எப்படி உண்டாகிறது?

நமது சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டப்படுகின்றன. கல்வரிசை எங்கும் ஒரே நேராக இருப்பதில்லை. அந்த மேடுபள்ளத்தைப் பூச்சு மறைக்கிறது. ஆகவே ஒரே சுவரில் பூச்சு ஓரிடத்தில் அரை அங்குலமாகவும் இன்னோரிடத்தில் முக்கால் அங்குலமாகவும், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். பெட்டியை வைப்பவரோ பூச்சுக்கு முன்னரே வைக்கிறார். இனி வரப்போகும் பூச்சின் முகம் எங்கே நிற்கும் என்று தெரியாமல், வெறுங்கல்லைப் பார்த்து வைக்கிறார். இரண்டு ஆணியும் ஒரு கல்லுத்துண்டும் முட்டுக்கொடுத்து, "பூச்சோடை இறுகிவிடும்" என்று போய்விடுகிறார். மேசன் வருகிறார். மட்டப்பலகையால் சாந்தை இழுக்கும்போது பலகை பெட்டியில் தட்டுகிறது. பெட்டி சாய்கிறது. சாந்து இறுகுகிறது. கோணல் கல்லாகிவிட்டது.

இரு தரப்பாரிடமும் நான் கேட்டிருக்கிறேன். வயது முதிர்ந்த மேசன் சொன்னார்: "தம்பி, பெட்டி வைக்கிறது வயரிங்காரன்ரை வேலை. அவன் வைச்சபடிதான் நான் பூசினனான்." வயரிங் செய்த இளைஞர் சொன்னார்: "ஐயா, நான் வைக்கேக்கை நேராத்தான் இருந்தது. பூசேக்கை தட்டிப்போட்டினம்." இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். அதுதான் இங்குள்ள சங்கடம்.

அவர்களுக்கு நாம் கூலி கொடுக்கும் முறையைப் பாருங்கள். பூச்சு வேலை சதுரக் கணக்கு. பத்தடிக்குப் பத்தடி ஒரு சதுரம். வயரிங் 'பொயின்ற்' கணக்கு. இத்தனை விளக்கு, இத்தனை பிளக், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. சதுரத்துக்குக் காசு உண்டு. பொயின்றுக்குக் காசு உண்டு. சதுரமும் பொயின்றும் சந்திக்கும் அந்த மூன்றங்குல விளிம்புக்கு யாருக்கும் காசு இல்லை. மேசன் பெட்டியைச் சுற்றி மெதுவாகப் பூசினால் அவருடைய சதுரம் குறையும். வயரிங்காரர் மேசனுக்காக இன்னொரு நாள் காத்திருந்தால் அவருடைய பொயின்ற் குறையும். எவருக்கும் கூலி இல்லாத இடத்தில் எவருக்கும் பொறுப்பும் இல்லை. கோணல் சுவிச் தொழிலாளியின் கையில் பிறப்பதற்கு முன்பே, நாம் எழுதும் கணக்குக் கொப்பியில் பிறந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது எழும் மறுப்புகள் மூன்று. மூன்றையும் நான் ஏற்பதற்கில்லை.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் சொல்வது: "எங்கடை ஆக்களுக்கு வேலை தெரியாது." நமது ஊர்களிலிருந்து கட்டாருக்கும் துபாய்க்கும் போன மேசன்மாரும் மின்தொழிலாளரும் அங்கே அடுக்குமாடிகளில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதே கை, அதே கண். அங்கே பூச்சுக்கு முன்னர் ஒருவர் வந்து மட்டம் வைத்துப் பார்க்கிறார். சரியில்லையென்றால் பூச விடுவதில்லை. இங்கே பார்ப்பதற்கு ஆளில்லை.

இதில் நமது வரலாற்றுக்கும் ஒரு பங்குண்டு. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். தேசிய மின்வலையமைப்பு மீண்டும் குடாநாட்டை வந்தடைய 2010 களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரமே இல்லாத ஊரில் சுவருக்குள் குழாய் புதைத்து வயரிங் செய்யும் தொழிலை யார், யாரிடம் பழகுவது? முன்னைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் கம்பியை ஓட்டி, மரக்கட்டையின் மேல் சுவிச்சைப் பொருத்தினார்கள். அது பூச்சு முடிந்த பின் செய்யும் வேலை. ஆகையால் இந்தத் தகராறே எழவில்லை. மூத்தவர் கையைப் பார்த்து இளையவர் பழகும் சங்கிலி அறுந்திருந்த காலத்தில்தான் கம்பிகள் சுவருக்குள் புகுந்தன. இது காரணம். ஆனால் போர் முடிந்தது 2009 இல். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்தக் காரணத்தையே சாட்டாக வைத்துக்கொண்டிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. "இவ்வளவு அழிவைக் கண்ட மண்ணில் நின்றுகொண்டு சுவிச்சைப் பற்றி எழுதுகிறீரா?" ஆம், எழுதுகிறேன். பெருந்துயரத்தைக் காட்டிச் சிறு கடமைகளைத் தள்ளிவைப்பது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கூரை கிடைத்ததே, சுவர் கிடைத்ததே, மற்றவை பரவாயில்லை என்கிறோம். 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெருங்கட்டத்தில் புதுவீடு கட்டிய குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபா. அதுவும் வேலை நகர நகரக் கட்டங்கட்டமாக. அந்தப் பணம் போதாமல் நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பணக்காரன் கோணல் சுவரை உடைத்து மறுபடி பூசுவான். அந்தக் குடும்பத்தால் முடியுமா? ஒரே தடவைதான் கட்டமுடியும் என்பவர்களுக்கே முதல் தடவை சரியாக இருக்கவேண்டிய தேவை அதிகம். 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு உண்மையில் விலை கொடுப்பவர்கள் அவர்கள். வீடு இழந்தவனுக்குக் குறைபாடுள்ள வீடே போதும் என்று நினைப்பது இரக்கம் அல்ல, அவமதிப்பு.

மூன்றாவது மறுப்பு கடைக்காரருடையது. "நல்ல விலை கூடிய சுவிச் வாங்கிப் போடுங்கோ, பிரச்சினை வராது." சுவிச் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பெட்டியில்தான் தொங்கவேண்டும். பெட்டி கோணலென்றால் விலை கூடிய கோணல்தான் மிச்சம். 2010 களின் பிற்பகுதியில் இலங்கை 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கைத் தனது தரநிலையாக ஏற்றுக்கொண்டது நல்ல முடிவு. மின்கடத்தும் துளைகளுக்கு மூடி உண்டு. பிளக்கின் நீண்ட நிலக்கால் புகுந்தாலன்றி அது திறவாது. ஆனால் முன்பக்கத் துளைக்கு மூடி போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விரல் நுழைய இடைவெளி விட்டால் அந்த மூடியால் என்ன பயன்? அத்துடன் சதுரக்கால் பிளக் இறுக்கமாகப் பிடிப்பது. பலமாக இழுத்தால்தான் வரும். தளர்ந்த முகப்புக்கு அதுவே போதும்.

பத்திரிகைத் தொழிலில் நாங்கள் இந்த விளிம்புகளை அறிவோம். செய்தியை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் செப்பனிடுவார், தலைப்பை வேறொருவர் இடுவார், பக்கத்தை மற்றொருவர் அமைப்பார். பிழை நுழைவது பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் இடத்தில். அதனால்தான் பக்கம் அச்சுக்குப் போகுமுன் முழுப்பக்கத்தையும் பார்த்துக் கையொப்பமிட ஒருவர் இருப்பார். அவர் ஒப்பமிடாமல் இயந்திரம் ஓடாது. வீடு கட்டுவோர் செய்யத் தவறுவது இந்த ஒன்றைத்தான். பூச்சு என்பது அச்சு இயந்திரம் போன்றது. அது ஓடிய பின் திருத்துவது கடினம்.

அப்படியானால் பூச்சுக்கு முன் செய்யவேண்டியது என்ன? பெரிய வித்தை எதுவும் இல்லை. மேசன் முதலில் சுவரில் ஆங்காங்கே சிறு சாந்துத் திட்டுகளை வைத்து, தூக்குக்குண்டால் நேர் பார்க்கவேண்டும். வரப்போகும் பூச்சின் முகத்தை அந்தத் திட்டுகள் காட்டிவிடும். பிறகுதான் பெட்டி. இரண்டு திட்டுகளுக்கிடையே நேரான சட்டத்தைப் பிடித்தால் பெட்டியின் வாய் அந்தச் சட்டத்தைத் தொடவேண்டும். அல்லது ஓரிரு மில்லிமீற்றர் உள்ளே நிற்கலாம். வெளியே வரவே கூடாது. உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக்கூடாது. ரைல்ஸ் பதியாத தரை இன்னும் தரையே அல்ல. நீர்க்குழாய் மட்டத்தால் அறையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, எல்லாப் பெட்டிகளையும் அந்தக் கோட்டிலிருந்து அளக்கவேண்டும். பெட்டியைச் சீமெந்துச் சாந்தால் இறுக்கி, மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நாள் விட்டு, உள்ளே றெஜிபோம் துண்டோ கடதாசியோ அடைத்த பிறகே பூசவேண்டும்.

ஏற்கெனவே கோணலான வீட்டில் என்ன செய்வது? முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தவேண்டும்; அந்த இடத்துக்கு மின்சாரம் வரவில்லை என்று சோதிக்கவேண்டும். சோதிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதையும் மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் முன்னரே பார்த்திருக்கவேண்டும். கம்பியைத் தொடும் வேலை தகுதி பெற்ற மின்தொழிலாளருடையது. வீட்டுக்காரர் அறிந்திருக்கவேண்டியது எதைக் கேட்பது என்பதை.

பெட்டி சிறிதளவு அமிழ்ந்திருந்தால் நீளமான திருகாணியும், முகப்பு அசையாமலிருக்கத் திருகாணியைச் சுற்றி இடைக்குழாயும் போதும். அதிகம் அமிழ்ந்திருந்தால் பெட்டியின் வாயை உயர்த்தும் சட்டகம் வேண்டும். சரிவு சிறிதென்றால், உலோகப் பெட்டிகள் பலவற்றில் ஒரு பக்கக் காது மேலும் கீழும் நகரும். அதைக் கொண்டு நேராக்கலாம். சரிவு பெரிதென்றாலோ, பெட்டி வெளியே துருத்தியிருந்தாலோ குறுக்குவழி இல்லை. பெட்டிக்கு ஒரு விரலளவு வெளியே பூச்சில் முதலில் கோடு வெட்டி, மிச்சப் பூச்சு வெடிக்காமல் செதுக்கி, பெட்டியை எடுத்து, பின்சுவரை ஆழமாக்கி, மீண்டும் மட்டம் பார்த்து வைத்து, ஓரங்களை நனைத்துச் சாந்திடவேண்டும். அது நன்றாகக் காயுமுன் வர்ணம் பூசக்கூடாது. இடைவெளியில் பட்டியை அப்பி வர்ணம் அடித்து மறைப்பது திருத்தம் ஆகாது. தளர்ந்த முகப்பு தளர்ந்தபடியே இருக்கும், தெரியாமல் மட்டும் போகும். அலுமாரியை நகர்த்தி வைத்து மறைப்பது அதைவிட மோசம். கருகத் தொடங்கினால் மணம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

எனவே பணம் கொடுப்பவர்களிடம் எனது கோரிக்கை. தொழிலாளியை ஏசுவதை நிறுத்திவிட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 'பூச்சுக்கு முன்னர் மேசனும் மின்தொழிலாளரும் ஒன்றாக நின்று பெட்டிகளைச் சரிபார்க்கவேண்டும்; அந்த நாளுக்கு இருவருக்கும் தனிக்கூலி.' ஒரு நாட்கூலி. நீங்கள் முன்வாசலுக்கு வாங்கும் அலங்கார விளக்கொன்றின் விலைகூட வராது. மின்தொழிலாளரின் கடைசித் தவணையை முகப்புகள் எல்லாம் அசையாமல் பொருந்திய பிறகு கொடுங்கள். மேசனின் கடைசித் தவணைக்கும் அதே நிபந்தனை.

தொலைவில் இருந்துகொண்டு வீடு கட்டுவோருக்கு இன்னுமொன்று. கூரை ஏறியதும் படம் கேட்கிறீர்கள், ரைல்ஸ் பதித்ததும் படம் கேட்கிறீர்கள். பூச்சுக்கு முதல்நாள் படம் கேட்டவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அடுத்த முறை அதைக் கேளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் மட்டம் வைத்து, அதன் நீர்க்குமிழி நடுவில் நிற்பது தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் வந்து சேரும்வரை பூச்சுக்கான பணத்தை அனுப்பாதீர்கள்.